படங்கை அவிழ்த்துக் கட்டியவர்

சாராள் அக்கா இறந்துபோன செய்தியைக் கொண்டுவந்தவரை நான் வாசலில் வைத்தே திட்டினேன். அதை முதலில் சொல்லிவிடாமல் அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு யோக்கியதை இல்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் அது. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு வேலை. கடைசிப் பிள்ளையும் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. வாசலில் செருப்புச் சத்தம். அக்காவின் கணவர் டேனியல் அண்ணன், சேறு அப்பிய செருப்போடு நின்றார்.

"ஏண்ணே, கண்ணு தெரியலையா? இப்பதான் கழுவி விட்டேன். செருப்பக் கழட்டிட்டு வந்தா என்னா?"

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு நிமிர்ந்து, "சாராள் போயிருச்சு ரூத்தம்மா" என்றார்.

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். அவ்வளவு மடச்சி நான்.

மலையில் பறித்துக்கொண்டிருக்கும்போதே மார்வலி வந்திருக்கிறது. தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுபோகிற வழியில், பசறை டவுனுக்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. ஐம்பத்தொரு வயது.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏனென்றால் அன்று காலையில் நான் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு, "உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க!" என்பது. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என் காம்பராவுக்கும் அக்காவின் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அதுவும் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. அங்கே இருமினால் இங்கே கேட்கும். மூன்று வாரமாக அக்கா காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அந்தச் சுவரைத் தட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "ரூத்து, புள்ளைக்குப் போன் பண்ணியா?"

பண்ணவில்லை. என் ஒரே மகள் எப்சிபா எல்லவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை செய்கிறாள். அறுப்பின் பண்டிகைக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாள். "வெள்ளைக்காரனுக்குத் தேத்தண்ணி ஊத்துறதுதான் பெருசுன்னா அங்கயே கெட. என் வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. இந்த வீம்பை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் நான் சாராள் அக்காவின் சாவுச்செய்தியைக் கேட்டேன்.

அக்காவை அறியாதவர்கள், அவர் ஏதோ சாந்தசொரூபி என்று நினைத்துவிடக் கூடாது. ஐயோ, இல்லவே இல்லை. நான் இந்தத் தோட்ட டிவிசனுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், ஆட்கள் என்னிடம் சொன்ன முதல் புத்தி, "பக்கத்துக் காம்பரா சாராள்கிட்ட வாய் குடுக்காத" என்பதுதான். தண்ணீர்க் குழாயில் முந்தினவளின் குடத்தைச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தவர் அவர். டேனியல் அண்ணனைப் பார்த்து ரொட்டிக் கல்லை வீசியவர். அண்ணன் குனிந்துகொண்டார், சுவரில் மாட்டியிருந்த வசனப் பலகையால் குனிய முடியவில்லை. சமாதானத்தைப் பற்றிய வசனம் அது. கண்ணாடி சில்லுச்சில்லாகப் போயிற்று.

அந்தச் சில்லைக் கூட்டி அள்ளும்போதுதான் தனக்குப் பயம் வந்தது என்று அக்கா பிறகு சொன்னார். "அந்தாளு குனியாம இருந்திருந்தா நான் இன்னேரம் செயிலுக்குள்ளடி. ஆண்டவருக்கு முன்னால என்னா மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

மறுநாள் அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்கிறவர்கள், செடியின் ஈரமும் கிளையும் உடம்பில் படாமல் இடுப்பைச் சுற்றித் தடித்த படங்கு ஒன்றைக் கட்டிக்கொள்வோம். மேலே கயிறு போட்டு மூன்று முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் அவிழ்ந்துவிடும். அக்காவுக்குக் கோபம் வந்தால், வாயைத் திறக்கும் முன் அந்தப் படங்கை முழுசாக அவிழ்ப்பார். உதறுவார். திரும்பச் சுற்றிக் கட்டுவார். ஒவ்வொரு முடிச்சுக்கும் உதடு அசையும். என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பெரிய செபமெல்லாம் இல்ல. ஆண்டவரே, என் வாயக் கொஞ்சம் புடிச்சுக்கும். அவ்வளவுதான். மூணு வாட்டி."

"மூணு முடிச்சும் போட்டப் பொறகும் கோவம் இருந்தா?"

"திரும்ப அவுக்குறது."

கங்காணி ஐயா கடைசி ஏற்றத்து மலையை அவருக்கு ஒதுக்கின காலைகளில், வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க, அக்கா மட்டும் படங்கை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளைகள்கூடக் கேலி செய்யும். "டேய், சாராள் பெரியம்மா படங்க அவுக்குது, ஓடுங்கடா!" அக்காவுக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டு, சொல்ல வேண்டியதைக் கங்காணி ஐயாவிடம் சொல்லத்தான் செய்வார். சத்தம் மட்டும் இருக்காது. "கோவம் வர்றது பாவம் இல்லடி ரூத்து. வந்ததுக்குப் பாய் விரிச்சு, சோறு போட்டு, வீட்டுலயே தங்க வெக்கிறோமே, அதுதான் பாவம்" என்பார்.

எனக்கு அதெல்லாம் அப்போது ஏறவில்லை. என் வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். அப்போது நானும் கொழுந்துதான் பறித்தேன். மலை வேலை, வீட்டு வேலை, தண்ணீர், விறகு, எல்லாம் நான் ஒருத்தி. எரிச்சல் எங்கே போய் விழும்? கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது பத்து வயது எப்சிதான். பள்ளிக்கூடக் கொப்பி தொலைந்தால் அடி. பால்மா சிந்தினால் அடி. அடுப்பெரிக்கக் கவாத்து மலையிலிருந்து கட்டிக்கொண்டு வருகிற தேயிலை மிலாறுக் குச்சிதான் என் பிரம்பு. அது முதுகில் எப்படிப் பதியும் என்று எழுத எனக்குக் கை கூசுகிறது.

முதல் தடவை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ரூத்து, போதும்" என்று அக்காவின் குரல் வந்தது. இரண்டாம் தடவை நேரில் வந்தார். நான் வேதத்தைக் கையில் எடுத்தேன். "ஆண்டவரே கோயில்ல வச்சுக் கோவப்படலையா? மேசையெல்லாம் பொரட்டித் தள்ளலையா?" என்று கேட்டேன். ஞாயிறு பாடசாலையில் முதல் பரிசு வாங்கியவள் அல்லவா நான்!

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேசையத்தான பொரட்டுனாரு? அங்க புள்ளைங்களும் நின்னிருக்குமே, அதுகள அடிச்சாரா?"

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் இரட்டிப்பாகும். கதவைச் சாத்திவிட்டேன். அடுத்த வாரம், மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வரும் போதகர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பிள்ளையைப் பற்றி விசாரித்தார். யார் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா என்ன? அன்று முழுக்க நான் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் எங்களை இறக்கத்து மலையில் விட்டிருந்தார்கள். நடுவில் ஒரு செடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே குளவிக் கூடு இருக்கிறது என்று கண்டவர்கள் கட்டிவிட்டுப் போவது வழக்கம். மருந்தடிக்க ஆள் வரும்வரை அந்தப் பக்கம் யாரும் சத்தம் போடமாட்டோம், சைகைதான். இது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். அடுத்தடுத்த நிரையில் நானும் அக்காவும். துணிக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து செடி இருக்கும்.

அவர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். சமாதானத்துக்குத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதகர் ஐயாகிட்டப் போயி கோள் சொன்னீங்கள்ல?" என்று கத்தினேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். நான் நிறுத்தவில்லை. "ஒன்னு பெத்திருந்தா தெரியும் அந்த வலி. பெறாதவளுக்கு எம் புள்ளையப் பத்தி என்னா பேச்சு?"

அக்காவுக்குப் பிள்ளையில்லை. இருபது வருடமாக அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. குழாயடிச் சண்டையில்கூட யாரும் சொன்னதில்லை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். இரண்டு கையும் இடுப்புக்குப் போயிற்று. படங்கை அவிழ்த்தார்.

அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. "அவுருங்க, நல்லா அவுருங்க! பெரிய பரிசுத்தவதி!" என்று சொல்லிக்கொண்டே, செடியின் மட்டம் பார்க்க நாங்கள் மேலே வைக்கும் நீளமான மட்டக் கம்பை எடுத்துச் செடிமேல் ஓங்கி ஒரு போடு போட்டேன். கம்பு கையிலிருந்து நழுவித் துள்ளி, இறக்கத்தில் உருண்டு, சிவப்புத் துணி கட்டியிருந்த செடியில் போய் மோதியது.

அந்த இரைச்சலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நான் ஓடக்கூட இல்லை, அப்படியே நின்றேன். அடுத்த நொடி யாரோ என்னைச் செடிக்கடியில் குப்புறத் தள்ளினார்கள். என் தலையையும் முதுகையும் படங்கு வந்து மூடியது. அதன்மேல் அக்கா. என் காதோரத்தில் அவர் மூச்சு. ஒவ்வொரு கொட்டுக்கும் அவர் உடம்பு துள்ளியது எனக்குத் தெரிந்தது. "அசையாத. அசையாதடி. வாய மூடு" என்றார். அதன்பிறகு அவர் பேசவில்லை, முனகல் மட்டும்தான்.

எனக்கு இரண்டு கையிலும் காலிலுமாக ஐந்தாறு கொட்டு. அக்காவுக்குத் தலை, கழுத்து, முதுகு எங்கும். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார். நான் கட்டில் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நாலாம் நாள் ஒரு கண் திறந்தது.

"எதுக்குடி அழுவுற?"

"என்னைக் காப்பாத்தப் போயி இப்படி ஆயிட்டீங்களேக்கா."

"படங்கு கையில இருந்துச்சு, போட்டேன். இடுப்புல கட்டியிருந்தா அவுத்துப் போட நேரம் இருந்திருக்காது." வீங்கிய உதட்டால் அதைச் சொல்ல வெகுநேரம் எடுத்தது. பிறகு அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆனா உம் மேல எனக்குக் கோவம் போகல ரூத்து. போனா சொல்றேன்."

நான் ஏமாந்துபோனேன். மன்னித்துவிட்டேன் என்பார், கட்டிப்பிடித்து அழலாம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னால் போனோம். அக்கா எழவில்லை. தலையில் இன்னும் தழும்போடு, பெஞ்சு ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சின்னக் கோயிலில் ஒருவர் எழாவிட்டால் எல்லோருக்கும் தெரியும். போதகர் ஐயா ஆராதனை முடிந்ததும் கேட்டார். அக்கா மறைக்கவில்லை. "ஒரு ஆள் மேல கோவம் இருக்குங்கய்யா. அத வெச்சுக்கிட்டு எப்படிங்க கை நீட்டுறது?" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் அதற்குள் அப்பத்தை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதமும் அவர் எழவில்லை. ஆராதனை முடிந்து இறங்குகிற வழியில் நான் மறித்துக்கொண்டேன். "குளவி கொட்டினதுக்கு நான் எத்தன தடவ மன்னிப்புக் கேக்குறது?"

"குளவியா?" என்றார். "அது கொட்டுனா வீங்கும், வத்தும். நீ சொன்ன சொல்லு இருக்கு பாரு, அது வலிச்சுது, ரொம்ப வலிச்சுது. அதையும் வாரக்கணக்கா அவுத்து அவுத்துக் கட்டி எறக்கிட்டேன். ஆனா நேத்தும் செவுத்துக்கு அந்தப் பக்கம் புள்ள அழுதுச்சு. தினம் புதுசா நீ கோவத்த அனுப்புனா நான் எத்தனையத்தான் எறக்குறது, சொல்லு?"

அன்று வீட்டுக்குப் போனேன். எப்சி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தடவிக்கொடுக்கலாம் என்று கையை உயர்த்தினேன். பிள்ளை சட்டென்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டது. துருவல் எல்லாம் தரையில். அப்படியே தரையில் உட்கார்ந்து, "அம்மா இனி அடிக்க மாட்டேன்டா தங்கம். அம்மாவ மன்னிச்சிரு" என்றேன்.

அவள் கையை எடுக்காமலே, முழங்கை இடுக்கால் என்னைப் பார்த்தாள். "நாளைக்கும் அடிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"பால்மா கொட்டுனாலும்?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மூன்றாம் மாதத் திருவிருந்தில், என் பெஞ்சுக்கு வந்து "நகருடி" என்று என்னை இடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோனார் சாராள் அக்கா.

ஒரே நாளில் நான் மாறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். கை ஓங்கிய நாட்கள் இருந்தன. அப்போதெல்லாம் சுவரில் இரண்டு தட்டு விழும். நான் வெளியே போய், கானோரத்தில் நின்று, கட்டின படங்கை அவிழ்த்துக் கட்டுவேன். எப்சி வாசலில் நின்று விரல்விட்டு எண்ணுவாள். மூன்று முடிச்சு முடிந்ததும்தான் கிட்டே வருவாள். பிள்ளைக் காம்பராவில் ஆள் எடுத்தபோது, "ரூத்துக்குக் குடுங்க. நான் பொறுப்பு" என்று தோட்டத்துத் துரையிடம் போய் நின்றவரும் அக்காதான். பிறகு என்னிடம், "நான் பொறுப்புன்னு வாய் விட்டுட்டேன். மானத்த வாங்கிராத" என்றார்.

இத்தனைக்கும் பிறகுதான், மகள் பெரியவளாகித் தன் காலில் நிற்கிற இந்த வயதில், கைக்குப் பதிலாக வாயால் அடித்தேன். அக்கா அன்றே சொன்னார், "பொழுது எறங்குறதுக்குள்ள கூப்புட்டுப் பேசிரு. வேதம் சும்மாவா சொல்லுது? ஒரு ராத்திரி தங்குன கோவம், மறுநாள் வாடகை இல்லாமக் குடியிருக்கும்." நாளைக்கு, நாளைக்கு என்றேன். செவ்வாய்க்கிழமை காலையும் தட்டினார். நானும் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் படங்குக் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தினார்.

அந்த மதியம் எப்சிக்கு நான் போன் எடுத்தேன். மூன்று தடவையும் அடித்து ஓய்ந்தது. "பெரியம்மா போயிட்டாங்க" என்று மட்டும் குரல் பதிந்து அனுப்பினேன். "வா" என்று சேர்க்கவில்லை. மிதிக்காதே என்றவள் எந்த முகத்தோடு வா என்பது?

மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம். இரண்டு மணிவரை அவள் வரவில்லை. எல்லவிலிருந்து பதுளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பசறைக்கு ஒன்று, பிறகு எங்கள் பாதைக்கு வருகிற ஒரே பஸ். அதுவும் வந்து போய்விட்டது. போதகர் ஐயா செபத்தைத் தொடங்கும்போது தூறல் விழுந்தது. அப்போது லயத்து முனையில், நனைந்த சல்வாரும் தோளில் பையுமாக அவள். பஸ்ஸைத் தவறவிட்டு, மேட்டுப் பாதையை நடந்தே ஏறியிருக்கிறாள்.

அந்த நேரத்தில் என் மனதில் எழுந்தது சந்தோஷம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'இப்பதான் வழி தெரிஞ்சுதா? பெட்டி மூடுற நேரத்துக்கா?' அந்தச் சொற்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவள் நேராக அக்காவின் வாசலுக்கு வரவில்லை. எங்கள் வாசலுக்கு முன்னால், கானுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

என் இரண்டு கையும் தானாக இடுப்புக்குப் போயிற்று. அங்கே படங்கு இல்லை, வெள்ளைச் சேலை. முந்தானையைப் பிடித்தேன். முடிச்சுப் போட்டேன். அவிழ்த்தேன். ஆண்டவரே, என் வாயக் கொஞ்சம் புடிச்சுக்கும். இரண்டாவது முடிச்சு. நான் நிமிர்ந்தபோது எப்சி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொங்கவிட்டிருந்த அவள் கையில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மூன்றாவதற்குக் காத்து நின்றாள்.

மூன்றாவதையும் போட்டேன்.

"வாடா தங்கம். உள்ள வா. அம்மா சொன்னது தப்பு" என்றேன். கானைத் தாண்டி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்திருந்தவர்கள் நாங்கள் அக்காவுக்காக அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான்.

தூறல் வலுத்ததால் டேனியல் அண்ணன் ஆணியில் தொங்கிய அக்காவின் படங்கை எடுத்துவந்து பெட்டிமேல் விரித்தார். கயிறு கட்ட அவருக்குக் கை வரவில்லை. ஒரு பக்கம் நான் கட்டினேன், மறுபக்கம் எப்சி கட்டினாள். மலையேறிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மழை விட்டு, மடுல்சீமைப் பக்கத்து மேகத்துக்கு நடுவே வெயில் தலைகாட்டியது. ஒவ்வொருவராக மண் போட்டோம். என் முறை வந்தபோது எப்சியின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மூன்று வாரமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லாத பதிலைச் சொன்னேன்.

"அக்கா, புள்ள வந்துட்டா. பொழுது இன்னும் எறங்கல."